டார்வெனில் ஒரு புகைபோக்கி, ஒரு கோபுரம், 22 பவுண்டு வயிற்றெரிச்சல்

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் டாக்ஸிக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. மான்செஸ்டரிலிருந்து, வட இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் நெசவு ஊரான டார்வெனுக்கு நேரடி ரயில் உண்டு. அன்று அது ரத்து. சுற்றி வளைத்து பக்கத்து ஊரான பிளாக்பர்ன் போய் இறங்கி டாக்ஸி பிடித்தேன். ஏழெட்டு கிலோமீட்டருக்கு 22 பவுண்டு, அதாவது சுமார் 2,500 ரூபாய்! ஏன் இவ்வளவு என்று கேட்டால், "மழை" என்று வானத்தைக் கைகாட்டினார். லங்காஷயரில் மழைக்குத் தனிக் கட்டணமா!

சரி, டார்வெனுக்கு எதற்குப் போனேன்? ஒரு புகைப்படத்துக்காக. சிரித்து ஆரவாரம் செய்யும் ஆலைப் பெண்கள், நடுவே கதர்ப் போர்வையுடன் காந்தி. அந்தப் படம் எடுத்தது இங்கேதான், 1931 செப்டம்பர் 26 அன்று. வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்தவர், முந்தைய இரவு ரயிலேறி இந்த ஊருக்கு வந்து, ஸ்பிரிங் வேல் பகுதியில் தங்கினார். இந்தியாவின் அந்நியத் துணி பகிஷ்காரத்தாலும் வேலை பறிபோன நெசவாளர்கள் இருந்த ஊர். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருப்பார். கிடைத்தது கைதட்டல்.

இந்தப் பக்கத்துத் தறிகள் பெரும்பாலும் நமக்காகவே ஓடியவை. பிளாக்பர்ன் வட்டாரத்தில் நெய்ததில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போகும் வேட்டி. குளிரில் நடுங்கிக்கொண்டு, வாழ்நாளில் வேட்டி கட்டியவனையே பார்க்காமல், வேட்டி நெய்திருக்கிறார்கள்!

அப்புறம் அந்தப் புகைபோக்கி. ஆலையின் பெயரே இந்தியா மில். 1867-இல் கட்டி முடித்த 303 அடிப் புகைபோக்கி, இத்தாலிய மணிக்கூண்டு மாதிரி. நிறம் மாற்றி மாற்றி அடுக்கிய செங்கல், ஜன்னல் போல வளைவுகள், உச்சியில் வேலைப்பாடு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. கரி கக்குவதற்கு இத்தனை அலங்காரமா! இது எழுந்த காலத்தை நினைத்தால்தான் உறுத்துகிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று, லங்காஷயரே பட்டினி கிடந்தது. பதிலுக்கு வந்த நம்ம சூரத் பஞ்சின் இழை குட்டை. நூல் அறுந்துகொண்டே இருந்ததால் தொழிலாளர்கள் அதைச் சபித்தார்களாம்.

மலைமேல் இருக்கும் டார்வென் கோபுரத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டாக்ஸிக்குப் பிறகு இதைக் கேட்டதுமே மனம் குளிர்ந்தது. ஏறினேன். சேற்றில் ஷூ போச்சு. தூரத்திலிருந்து ராக்கெட் போலத் தெரியும் 85 அடிக் கல் கோபுரம், விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக எழுப்பி 1898-இல் திறந்தது. ஊர்க்காரர்களுக்கு ராணியைவிட இன்னொரு கணக்குதான் முக்கியம். வேட்டைக்காக நிலப்பிரபு அடைத்துவைத்த மேட்டுநிலப் பாதைகளை நீதிமன்றம் வரை போய்ப் போராடி 1896-இல் மீட்டார்கள். அந்த வெற்றிக்கும் சேர்த்துத்தான் கோபுரம். 2010-இல் காற்று இதன் தலைக்கூம்பையே பிய்த்துக்கொண்டு போனது. நான் நின்றபோது அடித்த காற்றில் அதை முழுதாக நம்பினேன். வானம் தெளிந்தால் கடற்கரை ஊரான பிளாக்பூலின் டவர் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை.

இறங்கி வந்து சாப்பிட்ட பட்டர் பை இருக்கிறதே! உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய், மிளகு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கறி தவிர்க்கும் கத்தோலிக்கர்கள் கண்டுபிடித்த பண்டம் என்கிறார்கள். மேலோடு விரலில் உதிர, உள்ளிருந்து ஆவி மூக்குக் கண்ணாடியை மறைத்தது. நம்ம பேக்கரி பப்ஸுக்கு வெண்ணெயில் முங்கிக் குளித்த அண்ணன். இரண்டு தின்றேன், மூன்றாவதைப் பார்சல் வாங்கிக்கொண்டேன்.

திரும்ப பிளாக்பர்னுக்குப் பஸ். கட்டணம் 3 பவுண்டைத் தாண்டவில்லை. அதே மழைதான்.