செமி ஆட்டோமேட்டிக் சேஃப்டி பாடம்: வைவாவுல மாட்டினதும் அப்புறம் படிச்ச விதமும்

ஃபாரன்சிக் பாலிஸ்டிக்ஸ் பேப்பர் எழுதப் போறவங்களுக்குத்தான் இது. மொத தடவ வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) நான் கவுந்தது ஒரே ஒரு கேள்வியில. 1911 மாடல் பிஸ்டல், பழைய டைப், சேம்பர்ல (பேரலோட பின்பக்கம் குண்டு உக்காருற அறையில) ரவுண்டு இருக்கு, தம்ப் சேஃப்டி (கட்டை விரலால போடுற லீவர்) போட்டிருக்கு, பேரல் முனை தரையில மோதுற மாதிரி கீழ விழுது, என்ன ஆகும்னு கேட்டாங்க. "சேஃப்டி போட்டாச்சே சார், வெடிக்காது"ன்னு பட்டுனு சொல்லிட்டேன். "அந்த சேஃப்டி எந்த பார்ட்ட பிடிச்சு வெச்சிருக்கு?"ன்னு அடுத்த கேள்வி. அவ்ளோதான், வாயே வரல.

விஷயம் என்னன்னா, அந்த தம்ப் சேஃப்டி பிடிச்சு வெக்கிறது சியர, அதாவது ஹேமர விழாம தாங்கி நிக்கிற கொக்கிய, கூடவே மேல முன்ன பின்ன ஓடுற ஸ்லைடையும் லாக் பண்ணும். சியர் அசையலன்னா ஹேமர் விழாது, அதெல்லாம் சரி. ஆனா குண்ட குத்தி வெடிக்க வெக்கிற ஊசி, அதாவது ஃபயரிங் பின்ன யாருமே பிடிக்கல, அது ஒரு ஸ்பிரிங் தயவுல சும்மா உள்ள உக்காந்திருக்கு. பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னாடி போய் விழுறோம்ல, அதே மாதிரி துப்பாக்கி தரையில நின்னுடும், பின் மட்டும் முன்னாடி போகும், அடி பலமா இருந்தா பிரைமர்ல (ரவுண்டோட பின்பக்கம் தீ மூட்டுற மருந்துல) குத்திரும். ஹேமருக்கு இதுல வேலையே இல்ல. 1983ல கோல்ட் கம்பெனி கொண்டு வந்த 1911 சீரீஸ் 80ல ஃபயரிங் பின் பிளாக்னு ஒரு குட்டி பிளஞ்சர் வெச்சது இதுக்குத்தான், ட்ரிக்கர இழுத்தா மட்டும் ஒரு லீவர் அத தூக்கி வழி விடும்.

அன்னிக்கு நைட்டே பேர் லிஸ்ட் மனப்பாடம் பண்றத விட்டுட்டேன். ஒரு பேப்பர்ல விரல், ட்ரிக்கர், சியர், ஹேமர், ஃபயரிங் பின், பிரைமர்னு வரிசையா எழுதி, ஒவ்வொரு சேஃப்டியும் இந்த சங்கிலிய எந்த இடத்துல வெட்டுது, யார் என்ன செஞ்சா வழி விடும்னு ரெண்டே கேள்வி கேட்டேன். கிரிப் சேஃப்டியா, பிடிய உள்ளங்கையால முழுசா அமுக்குற வரைக்கும் ட்ரிக்கர பின்னால வர விடாது. பெரெட்டா 92 எஃப்எஸ்ல ஸ்லைடு மேல இருக்குற லீவர கீழ தள்ளினா ஃபயரிங் பின்னோட பின்பக்கத் துண்டு திரும்பிக்கும், ஹேமர் விழுந்தாலும் பின் மேல படாது, ஹேமரையும் அதுவே பத்திரமா இறக்கி விட்ரும், அதாவது டீகாக்கரும் அதுதான். இப்படிப் போட்டுப் பாத்தா தனித்தனியா ஞாபகம் வெக்க வேண்டியதே இல்ல.

க்ளாக் கண்டிப்பா வரும், ரெடியா இருங்க. ஆஸ்திரிய ராணுவம் 1982ல எடுத்துக்கிட்ட பிஸ்டல், வெளிய தம்ப் சேஃப்டியே கிடையாது, அதப் பாத்து "சேஃப்டி இல்லாத துப்பாக்கி"ன்னு எழுதி மார்க்க விட்டவங்க என் பேட்ச்லயே இருந்தாங்க. உள்ள மூணு இருக்கு. ட்ரிக்கர் நடுவுல நாக்கு மாதிரி ஒரு லீவர், அப்புறம் ஃபயரிங் பின் பிளாக், மூணாவது ட்ராப் சேஃப்டி. இந்த மூணாவதுலதான் எல்லாரும் குழம்புவாங்க. ட்ரிக்கர் பார் (ட்ரிக்கர்ல இருந்து பின்னால நீளுற கம்பி) ஒரு மேடை மேல ஓடுது, பின்னால கொஞ்ச தூரம் வந்தாத்தான் கீழ இறங்க இடம் கிடைக்கும், அது இறங்கினாத்தான் ஸ்ட்ரைக்கர் (க்ளாக்ல ஃபயரிங் பின்னுக்கு இதுதான் பேரு) விடுபடும். ட்ரிக்கர இழுக்காம கீழ போட்டா பார் இறங்க இடமே இல்ல. மூணும் ஒரே இழுப்புல வரிசையா விலகும், விரல எடுத்தா திரும்ப வந்து உக்காந்துக்கும். நான் இத கையால ஒரு பத்து தடவையாவது வரைஞ்சிருப்பேன், படம் கேவலமாத்தான் இருந்துச்சு, ஆனா மறக்கல.

டிஸ்கனெக்டர சேஃப்டி லிஸ்ட்ல சேக்கலாமான்னு கேப்பாங்க. அதோட மெயின் வேலை ஒரு இழுப்புக்கு ஒரு ரவுண்டுதான், அதோட ஸ்லைடு முழுசா மூடாதப்ப சுட விடாமலும் பாத்துக்கும், ரெண்டையும் எழுதிருங்க. ஹாஃப் காக் நாட்ச்சுக்கு (ஹேமர் நழுவினா பாதி வழியில சியர் மாட்டிக்கிற வெட்டு) ரெண்டு வரி போதும்.

மேகசின் (குண்டு அடுக்குற பெட்டி) சேஃப்டிலதான் மாட்டி விடுவாங்க. பிரவுனிங் ஹை பவர்ல மேகசின கழட்டினா ட்ரிக்கர் வேலை செய்யாது, ஆனா நிறைய பிஸ்டல்ல அப்படி கிடையாது, சேம்பர்ல ரவுண்டு இருந்தா வெடிக்கும். ரெண்டாவது வைவாவுல மேகசின கழட்டி மேசையில வெச்சுட்டு "இப்போ காலியா?"ன்னு கேட்டாங்க. நான் பதிலே சொல்லல, தொடலாமான்னு கேட்டுட்டு, பேரல சேஃப் சைடுக்குத் திருப்பி, ஸ்லைட பின்னால இழுத்துப் பிடிச்சு சேம்பர எட்டிப் பாத்துட்டு அப்புறமா "இப்போ காலி சார்"ன்னேன்.