பரணிலிருந்து விழுந்த சிடிகள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

பரண் சுத்தம் செய்தேன். எலி கடித்த பையிலிருந்து இருபது கம்ப்யூட்டர் கேம் சிடிகள் கொட்டின. எல்லாம் சென்னை பர்மா பஜாரின் திருட்டுக் காப்பிச் சரக்கு. ஒரு சிடி மேலேயே பச்சை மார்க்கரில் 'வைஸ் சிட்டி' என்று கடைக்கார பாயின் கிறுக்கல், ஊரெல்லாம் கார் ஓட்டித் திரியும் கேம். 2004-இல் பீச் ஸ்டேஷனில் இறங்கிப் போய், அறுபது சொன்னதை ஐம்பதுக்குப் பேசி வாங்கியது. ரெய்டு என்றால் பாய் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு டார்ச் லைட் விற்பார்.

இடத்தை மிச்சம் பிடிக்க அந்தக் காப்பியில் பாட்டையெல்லாம் வெட்டியிருந்தார்கள். கேமில் வண்டிக்குள் ரேடியோ பாடும் என்பதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வருஷம் ஊமை வண்டி ஓட்டியிருக்கிறேன்!

ஜூன் 12, புதன்

அக்கா மகன் வந்தான். ப்ளஸ் ஒன். லேப்டாப்பில் டோரண்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஓசியில் ஒரு கேம் இறங்கிக்கொண்டிருந்தது. "திட்டாதீங்க மாமா, பிடிச்சா வாங்கிடுவேன்." அந்தச் சிடிப் பை இன்னும் கூடத்திலேயே கிடக்கிறது, நான் எந்த வாயால் திட்டுவது?

கதை சொன்னேன். 'கேம் டெவ் டைகூன்', 2013. கேம் கம்பெனி நடத்துவதுதான் கேமே. செய்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். தாங்களே ஒரு 'திருட்டு'ப் பிரதியை டோரண்டில் ஏற்றினார்கள். அதில் கொஞ்ச நேரம் ஆடினால், உங்கள் கம்பெனியின் கேம்களை எல்லாரும் ஓசியில் ஆடி, கம்பெனி திவால். முதல் நாள் காசு கொடுத்து ஆடியவர்கள் 214 பேர், ஓசியில் 3,104. திருட்டைத் தடுக்க கேமுக்குள் ஏதாவது பூட்டு கண்டுபிடிக்க முடியுமா என்று ஓசிக்காரர் ஒருவரே கேட்டாராம்.

விழுந்து விழுந்து சிரித்தான். டோரண்டை நிறுத்தவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ராத்திரி போன் செய்தான். "டார்க்வுட்னு ஒரு கேம், செஞ்சவங்களே டோரண்ட்ல போட்டிருக்காங்க. அதுவும் திருட்டா மாமா?"

இல்லடா மாப்ளே. 2017-இல் போலந்துக்காரர்கள் செய்த வேலை அது. மாசக் கடைசியில் பில்லைப் பார்த்து அப்பா அம்மா கவலைப்படக் கூடாதென்று ஒருவர் கேமைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். பிடித்தால் பிறகு தள்ளுபடியில் வாங்குங்கள், கேமைத் திறக்கும் கோடான 'கீ'யை வாங்கி மறுவிற்பனை செய்கிறவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள் என்றார்கள்.

பஸ் பாஸ் இருந்தும் பஸ்ஸுக்கென்று அப்பாவிடம் வாங்கிய காசுதான் எனக்கு அந்த ஐம்பது. அதில் பாய்க்குப் போனது தெரியும். கேமைச் செய்தவனுக்கு ஒரு பைசா போயிருக்காது.

ஜூன் 28, வெள்ளி

கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் கோடைத் தள்ளுபடி. 2015-லிருந்தே ரூபாயில் விலை போடுகிறார்கள், நான்தான் டாலர், கார்டு என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். டார்க்வுட் வாங்கினேன், ஒரு பிரியாணி விலைகூட இல்லை. அவனுக்கும் ஒன்று அனுப்பினேன். "நான் பாதி ஆடிட்டேனே மாமா" என்கிறான்.

சிடிகளை அம்மா நூலில் கோத்து பால்கனியில் கட்டிவிட்டாள், புறா வராமல் இருக்க. வைஸ் சிட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டு உட்கார்ந்திருக்கின்றன.