கன்னரேஜோ: தண்ணீரை வலக்கைப் பக்கம் வைத்து நடப்பது

வெனிஸில் வீட்டு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் அலைச்சல்தான். ஊர் ஆறு பிரிவாக இருக்கிறது; தெருவுக்குத் தெரு எண் தொடங்குவதில்லை, பிரிவு முழுவதற்கும் ஒரே வரிசை. அவற்றில் ஒன்றான கன்னரேஜோவில் அது ஆறாயிரத்தைத் தாண்டும். அதனால் எண்ணோடு தெருப் பெயரையும் பக்கத்துத் தேவாலயத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சான்டா லூசியா ரயில் நிலைய வாசலில் இடப்பக்கம் திரும்பி, லிஸ்டா தி ஸ்பான்யா கடைத்தெரு வழியாக கூலியே பாலம் வரை நேர்நடை. பாலம் இறங்கியதும் மறுபடி இடம். சில அடியில் வலப்புறம் வீட்டுக்கு அடியிலேயே நுழையும் தாழ்வான வழி. யூதர்களை அடைத்து வைத்த 'கெட்டோ' பகுதிக்கு இதுதான் வாசல். இங்கே 'சோட்டோபோர்ட்டேகோ' என்பார்கள். கடை வாசல் என்று நினைத்துப் பலரும் தாண்டிப் போய்விடுவது இங்கேதான். உள்ளே நுழையுமுன் நிலைக்கல்லைப் பாருங்கள்: இரவில் பூட்டிய கதவின் கீல் குழிகள் இன்னும் தெரியும். 1797இல் நெப்போலியன் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் போயின.

பெயரில் ஒரு குழப்பம். யூதர்களை முதலில், 1516இல், அடைத்தது 'புதிய' கெட்டோவில். 'பழைய' கெட்டோ 1541இல் சேர்ந்தது. பழசு, புதுசு என்பது அங்கே முன்பு இருந்த உலோக வார்ப்படச் சாலைகளைக் குறித்த பேச்சு. இடம் போதாமல் வீடுகள் மேலே மேலே ஏறின. ஏழெட்டு மாடி, ஆனால் சன்னல் வரிசைகள் நெருக்கம். கூரை அவ்வளவு தாழ்வு. புதிய கெட்டோ சதுக்கத்தில் மேல்தளத்தில் ஐந்து பெரிய சன்னல் வரிசையாகத் தெரிந்தால் அது 1528இல் எழுந்த, ஜெர்மானிய யூதர்களின் தொழுகைக்கூடம். சனிக்கிழமை போனால் இங்குள்ள யூத அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

சதுக்கத்தின் வடக்கு இரும்புப் பாலத்தைத் தாண்டினால் அமைதி தொடங்குகிறது. ஒன்றுக்கொன்று இணையாக மூன்று நீண்ட கால்வாய்கள். மூன்றிலும் கரைப்பாதை வடகரையில். கிழக்கே நடக்கும்போது தண்ணீரும் மதிய வெயிலும் வலக்கைப் பக்கமே. தண்ணீர் இடப்பக்கம் வந்துவிட்டால் திசை மாறிவிட்டது என்று அர்த்தம். கைபேசியைவிட இது நம்பகம். ஒடுங்கிய சந்துகளில் அதன் நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். வரைபடம் பாலம் இருப்பதுபோல் காட்டி, சந்து படிக்கட்டோடு தண்ணீரில் முடிவதும் உண்டு.

சுவரில் வெள்ளைச் சுண்ணத்தின்மேல் கறுப்பில் எழுதிய தெருப்பெயர்களைப் படிக்கும்போது எழுத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வெனிஸ் வழக்கில் இரட்டை மெய் ஒற்றையாகும், 'நுவோவோ' 'நோவோ' ஆகும். கைபேசியில் தேடிக் கிடைக்காவிட்டால் இரண்டு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கால்வாய் ஓரம் 3399ஆம் எண் வீடு ஓவியர் டின்டொரெட்டோ 1594இல் இறக்கும்வரை வாழ்ந்தது. அருகே மோரி சதுக்க மூலையில் இரும்பு மூக்கோடு ஒரு கற்சிலை நிற்கும். அதைத் தாண்டி வடக்கே பாலம் ஏறினால் மடோன்னா தெல்லோர்ட்டோ தேவாலயம். ஓவியர் அடக்கமான இடம் பலிபீடத்துக்கு வலப்பக்கச் சிற்றாலயம். அவருடைய 'இறுதித் தீர்ப்பு', 'பொன் கன்று' இரண்டும் ஏறக்குறைய 14 மீட்டர் உயரம். கிட்டே போய் அண்ணாந்தால் கழுத்து வலிதான் மிச்சம், நடுக்கூடத்துக்குப் பின்வாங்கி நின்று பாருங்கள். ஞாயிறு காலை பூசை நேரம், தவிர்க்கலாம்.

திரும்ப நடக்க வேண்டியதில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் கடற்காயல் ஓரம் 'ஓர்ட்டோ' படகுத்துறை இருக்கிறது. படகு எண்ணில் புள்ளிக்குப் பின் வரும் 1, 2 எதிரெதிர் திசை; அதைப் பார்த்து ஏறுங்கள்.