விஓசிஎம் சரி, இன்புட் பின் எங்கே நிற்கிறது?

ஏடிசிக்கு (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஐசி) முன்னால் முழு டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் (எதிரெதிராக ஆடும் இரண்டு அவுட்புட் கொண்டது) வைக்கும் போர்டுகளில் பெரும்பாலான சறுக்கல்கள் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன. ஆம்ப்ளிஃபயரின் விஓசிஎம் (அவுட்புட் காமன்-மோட் வோல்டேஜ்) பின்னுக்கு 2.5 வோல்ட் கொடுத்தாயிற்று, காமன்-மோட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சராசரி வோல்டேஜ்) வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பின் பிடித்துவைப்பது இரண்டு அவுட்புட்டுகளின் சராசரியை மட்டுமே. இன்புட் பின்கள் எந்த வோல்டேஜில் நிற்கும் என்பது வெளியே போடும் ரெசிஸ்டர்களின் கையில் இருக்கிறது.

ஆகவே ஐசியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒற்றை 5 வோல்ட் சப்ளை, விஓசிஎம் 2.5, கிரவுண்டைச் சுற்றி ஆடும் சிக்னல் என்று வைத்துக்கொள்வோம். ஃபீட்பேக் ரெசிஸ்டர் ஆர்எஃப், இன்புட் ரெசிஸ்டர் ஆர்ஜி இரண்டும் 1 கிலோஓம் என்றால் இன்புட் பின்கள் 1.25 வோல்ட்டில் நிற்கும். கெயின் 4 வேண்டும் என்று ஆர்ஜியை 250 ஓம் ஆக்கினால் அது 0.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இன்புட் வரம்பு கிரவுண்டுக்கு ஒரு வோல்ட் மேலேதான் தொடங்குகிறது என்று டேட்டாஷீட் சொன்னால், அந்த ஐசி இங்கே உதவாது.

சிங்கிள்-எண்டட் சிக்னலில் (ஒரு பக்கம் மட்டும் சிக்னல், மறுபக்கம் கிரவுண்ட்) இன்னொரு சிக்கல்: பின் வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்காது. சிக்னலில் பாதி காமன்-மோடாகவே நுழைகிறது. கெயின் 1, சிக்னல் ±2 வோல்ட் என்றால் பின் 0.75 முதல் 1.75 வோல்ட் வரை ஆடும். சிறிய சிக்னலில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். பெரிய சிக்னலில் நெகட்டிவ் உச்சி மட்டும் சிதையும். அவுட்புட் கிளிப் ஆகிறது என்று தப்பாக நினைத்து லோடை மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை. முதலில் ஸ்கோப்பை இன்புட் பின்னில் வையுங்கள்.

பின்னை மேலே தூக்க வழி உண்டு. டிசி தேவையில்லை என்றால் இரண்டு ஆர்ஜிக்கும் தொடராகக் கப்பாசிட்டர் போட்டால் போதும். டிசி கரண்ட் ஓடாததால் பின் தானாக விஓசிஎம் அளவுக்கு ஏறிவிடும். டிசி வேண்டுமென்றால் இரண்டு பின்களிலிருந்தும் சப்ளைக்குப் புல்-அப், அதாவது பின்னை மேலே இழுக்கும் ரெசிஸ்டர். மேலே சொன்ன கெயின் 4 சர்க்யூட்டில் பின்னை 1.2 வோல்ட்டில் நிறுத்த, ஆர்ஜி வழியே 4.8 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். ஆர்எஃப் தருவது 1.3. மீதி 3.5 மில்லிஆம்பியரைப் புல்-அப் தர வேண்டும். கணக்குப்படி சுமார் 1.09 கிலோஓம். இதற்கு விலை உண்டு: நாய்ஸ் கெயின் (ஆம்ப்ளிஃபயரின் சொந்த நாய்ஸ் பெருகும் மடங்கு) 5-இலிருந்து 5.9 ஆகிறது, மின்சாரமும் வீணாகிறது. நெகட்டிவ் சப்ளை போட இடமிருந்தால் அதுவே மேல் என்பேன்.

அடுத்தது இரண்டு பக்கமும் ஒத்துப்போவது. பக்கங்களின் ஃபீட்பேக் விகிதம், அதாவது ஆர்ஜி / (ஆர்எஃப் + ஆர்ஜி), வேறுபட்டால் விஓசிஎம்மில் உள்ள டிசியும் நாய்ஸும் டிஃபரன்ஷியலாக மாறி வெளியே வரும். கெயின் 1-இல் 1% ரெசிஸ்டர்கள் மோசமாகச் சேர்ந்தால் ஆஃப்செட் 50 மில்லிவோல்ட், 0.1% போட்டால் 5. ஆனால் துல்லியமான ரெசிஸ்டருக்குச் செலவழித்துவிட்டு சோர்ஸ் இம்பீடன்ஸை மறந்துவிடுவதுதான் வழக்கம். 50 ஓம் சோர்ஸ், 1 கிலோஓம் ஆர்ஜி, ஆர்எஃப் என்றால் சர்க்யூட்டின் சிங்கிள்-எண்டட் இன்புட் இம்பீடன்ஸ் 1333 ஓம். அதனால் டெர்மினேஷன் (சோர்ஸின் 50 ஓமுக்கு ஈடுகொடுக்க இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போடும் ரெசிஸ்டர்) 52.3 ஓம் ஆகிறது. இது சோர்ஸோடு இணையாகச் சேர்ந்து, அந்தப் பக்க ஆர்ஜியோடு சுமார் 25.6 ஓம் தொடராக இருப்பதுபோல் தெரியும். எதிர்ப்பக்க ஆர்ஜியையும் அதே அளவு கூட்ட வேண்டும், 1.02 கிலோஓம் போதுமான அளவு நெருக்கம். விட்டுவிட்டால் ரெசிஸ்டர்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சுமார் 31 மில்லிவோல்ட் ஆஃப்செட் நிற்கும்.

போர்டு வந்ததும் இன்புட்டை 50 ஓமால் கிரவுண்டில் கட்டி, இரண்டு அவுட்புட்டையும் தனித்தனியே கிரவுண்டுக்கு அளக்க வேண்டும். சராசரி விஓசிஎம்மோடு ஒத்துப்போக வேண்டும், வித்தியாசம்தான் ஆஃப்செட். டிஃபரன்ஷியல் புரோப் மட்டும் வைத்துப் பார்த்தால் காமன்-மோட் ஆசிலேஷன் (இரண்டு அவுட்புட்டும் சேர்ந்தே தாமாக ஆடுவது) கண்ணில் படாது. ஸ்கோப்பின் இரண்டு சேனலையும் கூட்டிப் பாருங்கள், அது வெளியே வந்துவிடும். பெரும்பாலும் காரணம், இரண்டு அவுட்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்குப் போட்ட ஃபில்டர் கப்பாசிட்டர்கள். காமன்-மோட் லூப் (அவுட்புட் சராசரியைப் பிடித்துவைக்கும் உள் ஃபீட்பேக்) அவற்றை முழுதாகச் சுமக்கிறது. அவுட்புட்டுகளுக்கு நடுவே போட்ட கப்பாசிட்டரை அந்த லூப் பார்ப்பதே இல்லை. அதனால் கொள்ளளவில் பெரும்பங்கை நடுவே போட்டு, அவுட்புட்டுகளில் தொடர் ரெசிஸ்டர் வைத்தால் அமைதியாகிவிடும். நடுவே போடும் கப்பாசிட்டரின் மதிப்பு, கிரவுண்டுக்குப் போட்டிருந்த ஒன்றின் பாதி; அப்போதுதான் டிஃபரன்ஷியல் ஃபில்டர் மாறாது.

விஓசிஎம் பின்னைத் திறந்துவிட்டால் பல ஐசிகள் தாமாக சப்ளையின் பாதிக்குப் போய்விடும். அப்போதும் பின்னை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் கட்டாயம். ஏடிசியின் ரெஃபரன்ஸ் பின்னைக் கொண்டு விஓசிஎம்மை ஓட்டுவதானால், சப்ளையின் பாதியைத் தர ஐசிக்குள் இருக்கும் ரெசிஸ்டர் டிவைடர் அந்த ரெஃபரன்ஸை இழுத்துவிடலாம். நடுவில் ஒரு பஃபர் வையுங்கள்.