143-வது வட்டம்

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4, அதாவது இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ போன்ற அரசு வேலைகளுக்கான தேர்வு. 2024-க்கான ரிசல்ட் அந்த அக்டோபரில் வந்தது. என் ரேங்குக்கு எப்படியும் வேலை கிடைத்துவிடும் என்றார்கள். எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்றெல்லாம் சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் அதற்கு முந்தின தடவை கோட்டை விட்ட கதையைச் சொல்கிறேன்.

2022 ஜூலை 24. தமிழ்க் கேள்விகள் நூறையும் ஐம்பது நிமிடத்தில் முடித்தாயிற்று. 143-வது கேள்வி தனிவட்டி. நேரம் இழுக்கும்போல் இருந்ததால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டினேன். கேள்வியைத் தாண்டிய நான் ஓ.எம்.ஆரில், அதாவது விடைக்கு வட்டத்தைக் கறுப்பாக்கும் தாளில், வட்டத்தைத் தாண்டவில்லை. 144-க்கான விடை 143-ல் போய் உட்கார்ந்துகொண்டது. 163-க்கு வந்தபோதுதான் கவனித்தேன். இருபது வட்டங்கள், கறுப்பு மை. கை வியர்த்து ஓ.எம்.ஆர் ஓரம் ஈரமாகிவிட்டது.

வீட்டில் சொல்லவில்லை. ஆன்சர் கீ வந்ததும் தம்பி வினாத்தாளில் நான் குறித்திருந்ததை வைத்து உட்கார்ந்து சரிபார்த்தான்: இருநூறில் 168 சரி. அப்பா தறிக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். தப்பாக விழுந்ததிலும் நாலைந்து சரியாக அமைந்திருக்காதா, கட்-ஆஃப் இறங்காதா என்று யூடியூபில் ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்தது 2023 மார்ச் 24-ல். எட்டு மாதம் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கேட்டவர்களிடம் பொறுமையாகக் காத்திருப்பதாகச் சொன்னேன். பொறையுடைமை பதினாறாவது அதிகாரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அவ்வளவுதான் எனக்கும் பொறுமைக்கும் சம்பந்தம்.

ரிசல்ட்டுக்குப் பிறகு அப்பா என்னைத் திட்டவில்லை. இரண்டு தறியில் ஒன்றை விற்றார். நான் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். மத்தியானம் கூட்டம் இருக்காது. மெஷின் சூட்டில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புத் தமிழிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். 2024 ஜூனில் மற்றவர்களுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக என்னுடையதை எடுத்தேன்.

இனி விஷயம்:

- எந்தக் கேள்வியையும் தாண்டாதீர்கள். எல்லோரும் தாண்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மைனஸ் மார்க் கிடையாது. அங்கேயே ஒரு விடையை முடிவு செய்து வட்டமிட்டுவிட்டு நகருங்கள்.
- இடது கை ஆள்காட்டி விரல் ஓ.எம்.ஆர் எண்ணைவிட்டு நகரக் கூடாது. பத்துக்கு ஒருமுறை வினா எண்ணையும் வட்ட எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் இதற்கு நாலு நிமிடம்கூட ஆகாது.
- வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினாலும் ஓ.எம்.ஆர் தாளில் எழுதுங்கள். ஜெராக்ஸ் ஒரு ரூபாய்தான், எங்கள் கடையில்.
- தேர்வில் தப்பு நடந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.
- ஆன்சர் கீ பார்க்காதீர்கள். பார்த்தே தீருவேன் என்பவர்கள் மறுநாள் காலையிலிருந்து அடுத்த தேர்வுக்குப் படிக்கவாவது செய்யுங்கள்.

இந்த முறை ஜூன் 9-ல் எழுதிவிட்டு மறுநாளே கடைக்குப் போய்விட்டேன். முதலில் அறிவித்தது 6,244 இடங்கள். முடிவு வருவதற்குள் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அக்டோபர் 28 அன்று ஒரு பாட்டியின் ஆதார் அட்டையை லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். பாட்டி அவசரப்படுத்தியதால் அட்டையைக் கொடுத்துச் சில்லறை எண்ணிய பிறகுதான் பேச முடிந்தது.

இன்னொன்று, தமிழ்வழியில் படித்தவர்கள் அந்த இட ஒதுக்கீட்டுக்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பள்ளி வேறு, உயர்நிலைப் பள்ளி வேறு என்றால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். நான் இந்தத் தடவையும் கடைசி வாரம் வரை இழுத்தடித்தேன். தலைமையாசிரியர் விடுப்பில் போயிருந்தார், இரண்டு நாள் பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துதான் கையெழுத்து வாங்கினேன்.