கடற்கரையில் என்ன தொலைத்தீர்கள்?

திருவான்மியூர்க் கடற்கரைக்குக் காலை நடைக்கென்று போகும் நான் அங்கே நடப்பதைவிடக் குனிந்து நிற்பதே அதிகம். கிளிஞ்சல், நண்டு ஓடு, நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கப்படும் கணவாய் ஓடு என அலை ஒதுக்கிய எதையும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டு வருவது என் வழக்கம். பொருளின் அளவு விளங்குவதற்காக அருகில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைப்பேன். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பது வெளியில் சொல்லும் காரணம். எந்தக் கடையிலும் அதை வாங்க மறுப்பதால் அது எப்போதும் என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது என்பதுதான் உண்மை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. வெயில் சாய்ந்து விழும் அந்த நேரத்தில்தான் கிளிஞ்சலின் வரிகள் நிழலோடு எழுந்து தெரியும்; வெயில் ஏறிவிட்டால் எல்லாம் உடைந்த பீங்கானாகிவிடும். மாலை கோக்கத் துளையிட்டதுபோல் வட்டமான சிறு துளையுடன் ஒரு மட்டிச் சிப்பி கிடைத்தது. அது, ஒரு வகைக் கடல் நத்தை அமிலத்தைச் சுரந்து சிப்பியை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளிருந்த சதையைத் தின்றுவிட்டுப் போன தடயம். ஓரடி தள்ளி அதே வகை நத்தையின் உருண்டையான கூடு கிடந்தது. செத்தவரும் கொன்றவரும் ஒரே சட்டகத்தில் அமைந்துவிட்ட மகிழ்ச்சியில், நாணயத்தை நடுவில் வைத்துவிட்டு ஈர மணலில் குப்புறப் படுத்தேன்.

“என்ன சார், மோதிரமா?” என்று தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர், என் பதிலுக்குக் காத்திராமல் காலால் மணலைத் துழாவத் தொடங்கியிருந்தார். அவரைப் பார்த்து நின்ற தம்பதியர் அது தாலிச் சங்கிலி என்று முடிவு செய்துகொண்டார்கள். வலை உதறிக்கொண்டிருந்த மீனவர், எத்தனை பவுன் என்று அங்கிருந்தே விசாரித்தார். நான் சிப்பியைப் படமெடுக்கிறேன் என்று சொன்னதை எவரும் நம்பவில்லை. பவுன் கணக்கை வெளியே சொல்லத் தயங்குகிறேன் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது நத்தைக் கூடு எழுந்து நடந்தது. உள்ளே குடியிருந்தது துறவி நண்டு. மென்மையான தன் பின்னுடலை மறைக்க நத்தைகள் விட்டுச்சென்ற கூடுகளில் புகுந்துகொண்டு, வளர வளரப் பெரிய கூடாகப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும் பிராணிக்குத் துறவி என்று பெயர் வைத்தவர் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார். அது நாணயத்தின் மேல் ஏறி இறங்கிக் கடலை நோக்கிப் போனதைக் கண்டதும், “நண்டுக்கா இந்தப் பாடு?” என்று கூட்டம் கலைந்தது.

எடுத்த பதினொரு படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பெரிய அலை ஒன்று வந்து போயிற்று. சிப்பியையும் காணோம், நாணயத்தையும் காணோம். முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்த வேளையில், நடையை முடித்துத் திரும்பிய பெரியவர், “இன்னொரு நண்டா சார்?” என்று கேட்டபடி நிற்காமல் போய்விட்டார்.