யார் கையிலிருந்து வந்தது?

அருங்காட்சியகத்துக்குப் போனால் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கீழே இருக்கும் சின்ன அட்டையைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. என்ன பொருள், எந்த நூற்றாண்டு, என்ன உலோகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியில் 'நன்கொடை' என்றோ 'விலைக்கு வாங்கப்பட்டது' என்றோ ஒரு வார்த்தை, பக்கத்தில் ஒரு வருடம். என் கண் அங்கேயே நின்றுவிடும். யார் கொடுத்தார்? அவர் கைக்கு அது வந்த நாளில் அந்த இடத்தில் என்ன நடந்தது?

பெனின் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தெற்கு நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் அரண்மனையை அலங்கரித்த பித்தளைத் தகடுகள் அவை; அந்த அரசு தன் வரலாற்றை உலோகத்தில்தான் வைத்திருந்தது. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை நகருக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது, அரசர் ஒவோன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டார், ஆயிரக்கணக்கான பொருட்கள் லண்டனுக்குப் போயின, படையெடுப்புக்கு ஆன செலவை ஈடுகட்ட அதில் ஒரு பகுதியை விற்றார்கள், அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா என்று எல்லா இடத்துக்கும் அவை பரவின. அப்படி வாங்கிய ஒரு அருங்காட்சியகம் 'விலைக்கு வாங்கப்பட்டது' என்று அட்டையில் எழுதினால் அது பொய் இல்லைதான். ஆனால் அதற்கு முந்தைய வரியை அது எழுதவில்லை.

காகிதமே பொய்யாக இருந்த கதையும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை 1970க்கு முன்போ அந்த வருடத்திலோ இந்தியாவை விட்டுப் போயிருந்தால் கேள்வி குறைவு, ஏனென்றால் கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல்தான் வந்தது. அதற்குத் தோதாகப் பழைய தேதியிட்ட ஆவணங்கள் தயாராயின. கடைசியில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது, அந்தச் சிலை கோயிலில் இருந்தபோதே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த ஒரு புகைப்படம். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். விற்க நினைத்தவர் காகிதத்தைப் புனைந்தார், மீட்டுக் கொடுத்ததோ எந்த உள்நோக்கமும் இல்லாமல் எடுத்த ஒரு பதிவு. இதை நினைக்கும்போதெல்லாம் எங்கோ பெயர் தெரியாமல் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும் காப்பாட்சியர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

சரி, திருப்பிக் கேட்டால் அருங்காட்சியகங்கள் சொல்லும் 'எங்களிடம் பத்திரமாக இருக்கிறதே' என்ற வாதம்? அதை ஒரேயடியாகத் தள்ள நான் தயாராக இல்லை. பல பொருட்கள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால் 2023இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போயோ சேதமாகியோ இருந்தது வெளியே வந்து, இயக்குநர் பதவி விலகினார். அவற்றில் நிறைய பொருட்களுக்கு ஒழுங்கான பதிவே கிடையாது. என்ன இருக்கிறது என்றே முழுசாக எழுதி வைக்காதபோது, காணாமல் போனது எப்படித் தெரியும்? பூட்டு மட்டும் போட்டால் அது பத்திரம் ஆகிவிடாது.

இன்னொரு பதில், 'திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை.' பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டும். இதற்கு சாரா பார்ட்மனை நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய் ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக்கிய பெண் அவர். 1815இல் பாரிஸில் இறந்த பிறகும் விடவில்லை. அவருடைய எலும்புக்கூடும் உடல் வார்ப்பும் 1970கள் வரை அங்கே அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தன. 1994இல் நெல்சன் மண்டேலா திருப்பிக் கேட்டார். அரசின் சேகரிப்பில் இருப்பதை விட முடியாது என்ற சிக்கல் அங்கேயும் எழுந்தது. அப்புறம் பிரான்ஸ் 2002இல் அவருக்காகவே தனிச் சட்டம் இயற்றி அனுப்பியது. அந்த ஆகஸ்டில் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். சட்டத்தை எழுதியவர்களால் அதை மாற்றி எழுதவும் முடிந்தது. அதற்கு எட்டு வருடம் ஆனது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு மனுஷியின் எலும்புக்குப் பதிவு எண் போட்டு வைத்திருந்ததைச் 'சேகரிப்பு' என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அருங்காட்சியகங்களை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முறையாகக் கொடுத்தது, உரியவர்களே விரும்பி விற்றது எல்லாம் உண்டு, தூர தேசத்துக் கலையை நேரில் பார்க்கும் சந்தோஷமும் எனக்கு வேண்டும். எந்த வழியாக வந்தது என்பதை மறைக்காமல் அட்டையில் எழுதுங்கள், பறித்தது என்று தெரிந்தால் உரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் கேட்டால் கொடுங்கள், அவ்வளவுதான். ஜெர்மனி 2022இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே வருடம் 'டிஜிட்டல் பெனின்' என்ற இணையதளமும் வந்தது. 20 நாடுகளில், 130க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் சிதறிக் கிடக்கும் 5,000க்கும் மேற்பட்ட பொருட்களை அதில் ஒரே இடத்தில் பார்க்கலாம். நேரம் கிடைத்தால் அதில் ஒரு தகட்டைத் திறந்து, அது யார் யார் கை மாறிப் போயிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.